மின்கலம் மூப்படையும் வகை

கம்பியில்லாத் தூசுறிஞ்சி என்னும் கருவி இந்நாளிற் கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களின் இல்லங்களிலும் புகுந்துள்ளது. வாங்கிய புதிதில் அரைமணி நேரம் இரைந்தோடியது, இரண்டு மூன்று ஆண்டுக்குள் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடுகின்றது என்பது அதனை உடையார் கூறும் குறை. பொறி பழுதுபட்டதன்று; உள்ளிருக்கும் மின்கலமே, அஃதாவது வழக்கிற் பாட்டரி எனப்படுவதே, மூப்படைந்தது. அம்மூப்பு எதனால் விரைகின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கலம் என்னும் சொல்லே நம்மைச் சிறிது மயக்குகின்றது. உண்கலம், மட்கலம் எனப் பழகிய நாம், மின்கலத்தையும் நெற்குதிர்போல் எந்நாளும் நிறைத்து வைத்தலே நலமென எண்ணுகின்றோம். நிறைந்திருத்தலாற் குதிருக்குக் கேடில்லை, மின்கலமோ அன்னதன்று. இக்கருவிகளில் அமைவது பெரும்பாலும் லித்தியம் அயனிக் கலம். இது 1991-இல் சோனி நிறுவனத்தாரால் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய குடினஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019-இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. மின்னேற்றுங்கால் லித்தியம் அயனிகள் நேர்முனையினின்று நீங்கி, கிராபைட்டாலாகிய எதிர்முனையினுட் புகும். கருவி ஓடுங்கால் மீளும். முற்றும் நிறைந்த நிலையில் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்றலின், இடையிலுள்ள நீர்மம் சிறுகச் சிறுகச் சிதைந்து, மீளவேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதியையும் பிணித்துக்கொள்ளும். வெப்பம் இச்சிதைவை விரைவிக்கும். கருவி மூலையில் வாளா கிடப்பினும் இது நில்லாது.

நிறைத்த கலத்தை 25 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் ஓராண்டு வைத்தால் அதன் கொள்ளளவு நூற்றுக்கு 80 ஆகவும், 40 பாகையில் வைத்தால் 65 ஆகவும் குறையும் என்பர். அதே 40 பாகையில் நூற்றுக்கு 40 பங்கே ஏற்றி வைத்தது 85 பங்கைக் காக்குமாம். கலத்தின் வகைக்கேற்ப இவ்வெண்கள் சிறிது மாறும். சித்திரை வைகாசியில் நம் சமவெளியின் வெயில் 40 பாகையை எட்டுதலை அறியாதார் யார்? ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை தணியுமாதலின், கல்வராயன் மலைமேல் வைத்த கலம், அடிவாரத்தில் வைத்த அதன் உடன்பிறப்பினும் நெடிது வாழும்.

ஆகவே, தகரக்கூரையின் கீழும் வெயில்படும் பலகணியிலும் கருவியை வைத்தலாகாது. ஓடி நின்றவுடன் கலம் சூடாயிருக்கும்; அரைமணி நேரம் ஆறவிட்டே மின்னேற்றுக. கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர் பாதியளவு ஏற்றிக் கழற்றி வைத்தல் நன்று. வடிகட்டியில் தூசு அடைத்தாற் காற்றோட்டம் குன்றி வெப்பம் மிகும். அதனையும் அடிக்கடி தூய்மை செய்க. 'முழுதும் தீர்ந்த பின்னரே ஏற்றவேண்டும்' என்று பெரியோர் சிலர் இன்றும் அறிவுறுத்துவர். அது பழைய நிக்கல்-காட்மியக் கலத்துக்கு உரைத்த விதி, லித்தியத்துக்குத் தீங்கேயாம்.

நிற்க. தூசுறிஞ்சி இல்லாத வீட்டுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனலாம். பதினெட்டு மில்லிமீட்டர் விட்டமும் அறுபத்தைந்து மில்லிமீட்டர் நீளமுமுள்ள அதே உருளைக்கலமே கைவிளக்குகள் பலவற்றினும் உள்ளது. மழைக்காலத்து மின்சாரம் நின்ற இரவில் மலையூரிற் படிக்கும் சிறுவனுக்கு அவ்விளக்கே துணை. கலம் கெட்டால் வேறொன்று வாங்க மலையிறங்க வேண்டும். அன்றைக் கூலியும் போகும். பத்துக் கன்னிகைகளின் உவமையிற் புத்தியுள்ள ஐவர் எண்ணெய் நிறையக் கொண்டுசென்றனர். அவர்களுக்கும் லித்தியத்தைப் பற்றிய கவலையில்லை! நமக்கோ இரண்டும் வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் மாலைதோறும் விளக்கை நிறைத்துக்கொள்க. அவ்வப்போது செலவாகும் நிறைவு அத்துணைக் கேடு செய்யாது. கோடையிற் பயனின்றிக் கிடக்கும் விளக்கையே நிறைத்து வைத்தலாகாது.

வீங்கிய கலத்துக்கு மருந்தில்லை. அதனை மேலும் மின்னேற்றுதலும் துளைத்தலும் தீப்பற்றுதற்கு ஏது. குப்பையோடும் எறியற்க. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. ஆதலின், கள்ளக்குறிச்சிக்குப் பொருள் வாங்கச் செல்லும் நாளிற் பழங்கலத்தின் முனைகளை நாடாவால் ஒட்டி உடன் கொண்டுசென்று, விற்பவரிடம் அதனை ஏற்பாரா என்று கேட்டறிக.