சுழல் எஞ்சினில் தட்டலை அறியும் முறை

மோட்டார் எஞ்சின் தன் குறையை ஓசையால் உணர்த்தும் என்பது பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் செவியை மட்டும் நம்புதல் எல்லா எஞ்சின்களுக்கும் பொருந்தாது. புனேயை அடுத்த கசார்வாடியில், மும்பைச் சாலையிலிருந்து நாசிக் சாலை பிரியும் சந்திப்பில், லாரிகளின் இரைச்சலுக்கிடையே ஒரு வண்டியின் மெல்லிய தட்டல் ஓசையைப் பிரித்தறிவது அரிது. பிஸ்டன் எஞ்சினில் இலேசான தட்டலைச் சிறிது காலம் கவனியாமல் விடினும் பெருங்கேடு நேராதிருக்கலாம். சுழல் எஞ்சினிலோ, ஓசை செவிக்கு எட்டுமுன்பே கேடு முடிந்துவிடக் கூடும்.

சுழல் எஞ்சினை வகுத்தவர் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல். ஜப்பானிய மாஸ்டா நிறுவனம் 1967-ல் இரு சுழலிகள் கொண்ட வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில், அகில்யாநகரில் (முன்பு அகமதுநகர்) உள்ள பாதுகாப்பு வாகன ஆராய்ச்சி நிலையம் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து 55 குதிரைத்திறனுள்ள வாங்கெல் எஞ்சின் ஒன்றை உருவாக்கியது. அது பொருத்தப்பெற்ற ‘நிஷாந்த்’ ஆளில்லா விமானம் 2009 ஏப்ரலில் கோலாரில் பறந்தது.

தட்டல் என்பது யாது? ஸ்பார்க் பிளக்கிலிருந்து தீ முறையாகப் பரவிவரும்போது, இன்னும் எரியாத எஞ்சிய கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே திடீரெனப் பற்றுவதே தட்டல். இதனைத் தொழிற்கூடத்தார் ‘நாக்கிங்’ என்பர். அப்போது எழும் அழுத்த அலைகள் எரியறையின் சுவர்களில் மோதி எதிரொலிக்கும். சுழலியின் மூன்று முனைகளிலும் ‘அபெக்ஸ் சீல்’ எனும் மெல்லிய அடைப்புப் பட்டைகள் உள்ளன. கடுந்தட்டல் ஒன்றினாலேயே இப்பட்டை முறியக் கூடும். முறிந்த துண்டு உறையின் உட்புறத்தைக் கீறும். டர்போ பொருத்திய வண்டியாயின் புகைவழியே சென்று அதன் சக்கரத்தையும் சிதைக்கும்.

ஆதலின் திறன் கூட்டப்பெற்ற வண்டிகளில் மின் அதிர்வுணரி இன்றியமையாதது. ஆனால் பிஸ்டன் எஞ்சினுக்குரிய கருவியை அப்படியே பொருத்துவதில் இரு பிழைகள் உள்ளன.

முதலாவது, அதிர்வெண். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரில் தட்டல் ஏறத்தாழ விநாடிக்கு 7,000 அதிர்வுகள் கொண்டது. சுழல் எஞ்சினின் எரியறை வட்டமன்று, நீண்டு குறுகியது. எனவே சிலிண்டருக்குரிய கணக்கு இங்கே செல்லாது. ஒரே அதிர்வெண்ணுக்கு இசைந்த பழைய வகை உணரியை அகற்றி, அகன்ற பட்டையில் இயங்கும் உணரியைப் பொருத்தி, உரிய அதிர்வெண்ணை அளந்தே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, காலம். பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு நிலையும் தண்டின் 180 பாகையில் முடியும். சுழல் எஞ்சினில் 270 பாகை செல்லும். ஆகவே 60 பாகை அளவுள்ள கேட்கும் இடைவெளியை இங்கு 90 பாகையாக விரித்தல் வேண்டும். நிமிடத்திற்கு 6,000 சுற்றில் இது 2.5 மில்லிவிநாடியே. இவ்விடைவெளிக்கு வெளியே எழும் பற்சக்கர ஒலியையும் பிற ஒலிகளையும் கருவி புறக்கணிக்கும்.

பொருத்தும் முறை வருமாறு. உணரியை எஞ்சின் உறையின் தட்டையான இடத்தில், வண்ணப்பூச்சை நீக்கி, வாஷர் இன்றி இறுக்குக. வளைய வடிவ உணரிக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர் போதும். பின்பு குறைந்த டர்போ அழுத்தத்தில், பாதுகாப்பான பற்றவைப்பு நேரத்துடன் எஞ்சினை ஓட்டி, ஒவ்வொரு 500 சுற்றுக்கும் இயல்பான இரைச்சலைக் குறித்துக்கொள்க. எல்லையை அதற்குச் சற்று மேலே வைக்க. சோதனைக்காகத் தட்டலை வேண்டுமென்றே உண்டாக்குதல் கூடாது. எல்லை கடந்தால் டர்போ அழுத்தத்தை முதலில் குறைக்க. பற்றவைப்பை மிகவும் பின்தள்ளினால் புகையின் வெப்பம் ஏறும்.

எரிபொருளையும் கருதுதல் வேண்டும். எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்தித் தட்டலைத் தடுக்கும். ஆயினும் ஒரு பங்கு பெட்ரோல் எரிய நிறையளவில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கோ 9 பங்கே. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எரிபொருள் அளவைக் கூட்டாவிடின் கலவை மெலிந்து வெப்பம் மிகும். பெற்ற நன்மை குறையும்.

ஆசிரியர்கள் வகுப்பில் இரு வெற்றுப் புட்டிகளைக் கொண்டு இதனை விளக்கலாம். சிறிய புட்டியின் வாயருகே ஊதினால் ஓசை உயரும், பெரியதில் தாழும். அறையின் அளவும் வடிவமும் ஒலியை நிர்ணயிக்கின்றன என்பதை மாணவர் உடனே உணர்வர். பின்னர், ஓர் எஞ்சினுக்காக அமைத்த கருவியை மற்றொன்றில் அளவாமல் பொருத்துவது ஏன் தவறு என வினவுக. அதற்குச் சரியான விடை கூறும் மாணவன் பாடத்தின் சாரத்தை அறிந்தவனாவான்.