நடுவழியில் காற்றை இறக்கலாமா?

சித்திரை வெயில். சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையம் சாலையில் பருத்திப் பொதி ஏற்றிய டிரெய்லரை ஒரு டிராக்டர் இழுத்துச் செல்கிறது. காலையில் டிரெய்லர் டயரில் 45 பவுண்டு காற்று அடைத்ததாக வைத்துக்கொள்வோம். நண்பகலில் அளந்தால் 51 காட்டுகிறது. "வெடித்துவிடும், கொஞ்சம் இறக்கிவிடு" என்பார் ஓட்டுநர். இறக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பருமன் மாறாதபோது வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். காலையில் டயர்க் காற்று 27° செ., அதாவது 300 கெல்வின். ஓடிச் சூடேறியபின் 57° செ., அதாவது 330 கெல்வின். பத்தில் ஒரு பங்கு கூடுதல். அப்படியானால் ஏற்றம் 4.5 தானே? என் மாணவர்கள் ஆண்டுதோறும் வழுக்கும் இடம் இது! அழுத்தமானி வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்டதை மட்டுமே காட்டும். அந்த 15 பவுண்டையும் சேர்த்தால் 60, சூட்டில் 66, மானியில் 51.

ஆகவே இது இயல்பான ஏற்றம். இதை இறக்கி 45 ஆக்கினால், மறுநாள் காலை டயர் ஆறியதும் 39½ தான் இருக்கும். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது. அதனால் ரப்பர் இன்னும் சூடாகிப் பக்கச்சுவர் பலமிழக்கிறது. வெடிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட டயரே, பழி வெயிலுக்கு!

காற்றை அளக்க வேண்டியது காலையில், வண்டி நகருமுன். வழியில் ஒரு டயர் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சுட்டால், அதில் காற்றுக் குறைவோ என்று முதலில் சந்தேகிக்கலாம்.