‘லைன்’ – ஒரு சொல், பல வேலை



இந்த முறை ஆங்கிலப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது ‘லைன்’ என்ற சின்னச் சொல். “இது எங்களுக்குத் தெரியாதா? நாங்க பிறந்ததே லயத்திலதானே!” என்று நீங்கள் கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் தெரிந்த சொல்தான் சில நேரம் நம் காலை வாரிவிடும்.

நமக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி வேலைக்கு விண்ணப்பம் போட்டாள. பத்திரத்தில் ‘அட்ரஸ் லைன் ஒன்’ என்று இருந்தது. லைன் என்றால் லயம்தானே என்று நினைத்து, ‘நாலாம் லயம்’ என்று மட்டும் எழுதினாள். அடுத்து ‘அட்ரஸ் லைன் டூ’ என்று இருந்தது. “நமக்கு இருக்கிறது ஒரு லயம்தானே” என்று அதை வெறுமையாக விட்டாள். கடைசியில் ஊர்ப் பெயர் மட்டும். தோட்டத்தின் பெயரே இல்லை. நேர்முகப் பரீட்சைக் கடிதம் எங்கெங்கோ சுற்றி, நாள் கழிந்த பிறகுதான் கைக்கு வந்தது. பிள்ளை கெட்டிக்காரிதான். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு என்று நம்பியதே பிழை.

ஆங்கிலம் வந்த இரண்டு வழி

யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பு என்று ஓர் ஊர் உண்டு. 1820ஆம் ஆண்டு ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மிசனரி வைத்தியர் அங்கே போய்க் குடியேறினார். அவரைப் போன்ற மிசனரிமார் அந்தப் பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். அங்கே ஆங்கிலம் புத்தகத்தின் வழியாக, எழுத்தோடு வந்தது. உடுவிலில் இருந்த வின்சுலோ என்ற மிசனரி பிறகு ஒரு பெரிய தமிழ்–ஆங்கில அகராதியையே முடித்து, 1862இல் சென்னையில் வெளியிட்டார்.

அதே 1820களில்தான் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். நம் முன்னோருக்கு ஆங்கிலம் புத்தகத்தில் வரவில்லை. துரை போட்ட சத்தத்தில், காதின் வழியாக வந்தது. ‘பரேட்’ பெரட்டு ஆனது. ‘லைன்’ லயன் ஆகி, லயம் ஆனது. அறைகளை ஒரே வரிசையாகக் கட்டியதால் வந்த பெயர் அது. தாளமும் லயமும் என்கிறோமே, அந்த லயத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடிப்பொருள் என்ன?

லைன் என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. முதலில் அதற்குச் சணல் போன்ற ஒரு செடியின் நாரில் திரித்த நூல் என்று பொருள். மேசன் பாஸ் சுவர் கட்டும்போது நூல் பிடிக்கிறார் அல்லவா? அந்த நூலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பொருளெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

நூலாகவே இருப்பது: ‘கிளோத்ஸ் லைன்’ துணி காயப்போடும் கொடி. ‘பிஷிங் லைன்’ தூண்டில் நூல்.

நூல் போல நீண்டது: ‘டெலிபோன் லைன்’, கரண்ட் லைன். கோச்சி போகும் பாதையும் லைன்தான். மெயின் லைன் 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது.

நூல் பிடித்தது போன்ற வரிசை: லயம் இந்த வகை. புதுமலையில் கன்று நட முதல் கயிறு பிடித்து முளைக்குச்சி அடிப்பதற்கு ‘லைனிங்’ என்று பெயர். கொழுந்து எடுக்கும்போது நாம் நிரை என்கிறோமே, அதுவும் ஒரு லைன்தான்.

தாளில் வருவது: எழுத்து வரியும் லைன், கீறிய கோடும் லைன்.

ஒரே தமிழ்ச் சொல் போதாது

‘லைன் என்றால் கோடு’ என்று பாடமாக்கிவிட்டால் போதுமா? போதாது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘கோடு’ என்றால் நீதிமன்றம். ‘கோர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் அங்கே அப்படி மாறியது. பண்டத்தரிப்பில் ஓர் ஆச்சியிடம் “கோட்டுக்குப் போகோணும்” என்றால், “என்ன வழக்கு மோனை?” என்று கேட்பார். ‘லைன் என்றால் வரி’ என்றாலோ, அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரியும் வரிதானே! நம் தமிழிலும் ஒரு சொல் பல வேலை பார்க்கிறது. ஆனாலும் நாம் தடுமாறுவதில்லை. ஏன்? பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருளை எடுக்கிறோம். ஆங்கிலத்திலும் அதையே செய்யுங்கள். தனிச் சொல்லைப் பாடமாக்காமல், அது கூட்டிவரும் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

பத்திரம் நிரப்பும்போது

‘அட்ரஸ் லைன்’: விலாசத்தின் வரி. முதல் வரியில் வீட்டு இலக்கமும் லயத்தின் இலக்கமும். இரண்டாம் வரியில் மேல்கணக்கா கீழ்க்கணக்கா என்ற விபரமும் தோட்டத்தின் முழுப் பெயரும். கடைசியில் தபால் கந்தோர் உள்ள ஊர். பல தோட்டங்களில் கடிதம் தோட்டக் காரியாலயம் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அதனால் தோட்டத்தின் பெயரை ஒருபோதும் விடவேண்டாம்.

‘டொட்டட் லைன்’: புள்ளிக் கோடு. அதன் மேல்தான் கையொப்பம். வாசித்து விளங்கிய பிறகுதான் வையுங்கள். விளங்காவிட்டால் கேட்பதில் வெட்கமில்லை.

‘டூ நொட் ரைட் பிலோ திஸ் லைன்’: இந்தக் கோட்டுக்குக் கீழே எழுதவேண்டாம். அது கந்தோர்க்காரருக்கான இடம்.

‘டெட்லைன்’: கடைசித் திகதி. அதற்கு முன் பத்திரம் போய்ச் சேரவேண்டும்.

பயிற்சி

இவற்றின் பொருளைச் சொல்லிப் பாருங்கள். விடை கீழே உண்டு.

1. த லைன் இஸ் பிஸி.
2. ஸ்டேண்ட் இன் லைன்.
3. ட்ரொப் மீ எ லைன்.
4. வட் லைன் ஒவ் வேர்க் ஆர் யூ இன்?

விடைகள்: 1. டெலிபோனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். 2. வரிசையில் நில்லுங்கள். 3. எனக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். 4. நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?

இன்று இரவு பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் விலாசத்தை முழுதாக, ஆங்கிலத்தில், வரி வரியாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்த கடிதம் நேராக உங்கள் வாசலுக்கு வரட்டும்.