ஆப்பிரிக்கா போக எந்த மாதம் விடுப்பு கிடைக்கும்?

திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு ஆப்பிரிக்கா புதிய ஊரல்ல. போர்வெல் ரிக் வண்டியோடு அங்கே போய் மாதக்கணக்கில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இந்தப் பக்கம் உண்டு. ஆனால் தொழிலுக்குப் போவது வேறு, அப்பா அம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கப் போவது வேறு. கோழிப்பண்ணை, லாரி, ஜவுளி என்று தொழிலில் நிலைத்துவிட்ட சேலம், நாமக்கல் குடும்பங்கள் சிங்கப்பூர், துபாய், சுவிட்சர்லாந்து எல்லாம் பார்த்துவிட்டு இப்போது ஆப்பிரிக்காவை விசாரிக்கின்றன. கொஞ்ச நாள் நகரம், கொஞ்ச நாள் காடு, நல்ல வசதியான தங்கல், எல்லாம் சேர்த்து எட்டு முதல் பத்து நாள். டிராவல்ஸில் கேட்டால் நான்கு பேக்கேஜை நீட்டுவார்கள். நான்கிலும் சிங்கப் படம் இருக்கும், நான்கிலும் நீச்சல் குளம் இருக்கும்.

அந்தப் படங்களைப் பார்த்து நாட்டை முடிவு செய்யாதீர்கள். உங்களுக்கு எந்த மாதம் விடுப்பு கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள். நாடு அதிலேயே பாதி முடிவாகிவிடும். காட்டு விலங்குகள் நம் கண்ணில் படுவதும் படாததும் மழையைப் பொறுத்தது. வறண்ட மாதங்களில் புல் குட்டையாகிவிடும், தண்ணீர் சில குட்டைகளில் மட்டும் நிற்கும், விலங்குகள் அங்கேதான் வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் எங்கும் தண்ணீர், எங்கும் உயரப் புல், மண் பாதையெல்லாம் சேறு.

நம் பிள்ளைகளுக்குப் பெரிய விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான். கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் நடுவிலிருந்து மே வரை நீண்ட மழைக்காலம். அந்த வாரங்களில் சில முகாம்களை மூடியே வைப்பார்கள். திறந்திருப்பவை விலையைக் குறைத்துக் கூப்பிடும். ‘மே மாதச் சலுகை, மசாய் மாரா’ என்று வரும் விளம்பரத்தின் பின்னால் இருப்பது இந்த மழைதான். வாழ்நாளில் ஒரு முறை போகிற குடும்பம் அதை நம்பிப் போக வேண்டாம்.

மே மாதத்துக்குத் தென்னாப்பிரிக்காதான் சரி. அங்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. கேப் டவுனில் மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பெய்யும். க்ரூகர் காட்டுப் பக்கமோ கோடையில், நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும். நகரம் அழகாக இருக்கும் டிசம்பரில் காடு பச்சையாக மூடிக்கிடக்கும். காடு வறண்டு விலங்கு நன்றாகத் தெரியும் ஜூலையில் நகரம் நனைந்து கிடக்கும். இரண்டும் ஓரளவு ஒத்துப்போகும் இடைவெளி இரண்டே. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை ஒன்று, செப்டம்பர், அக்டோபர் மற்றொன்று. முதல் இடைவெளி நம் பள்ளி விடுமுறையோடு பொருந்துவது நல்ல வாய்ப்பு.

கேப் டவுனுக்கு நான்கு இரவு ஒதுக்குங்கள். 1,086 மீட்டர் உயர டேபிள் மலைக்கு 1929 முதல் கேபிள் கார் ஓடுகிறது. இப்போதைய பெட்டியின் தரை ஏறும்போதே சுழல்வதால் யாரும் ஜன்னலுக்கு முந்த வேண்டியதில்லை. காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே அதைக் கடைசி நாளுக்கு வைக்கவே கூடாது. போய் இறங்கிய மறுநாள் வானம் தெளிவாக இருந்தால் முதல் வேலை அதுவே. மண்டேலா சிறையிருந்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் கழிந்த ராபன் தீவுக்குப் படகில் போய்வர அரை நாள் பிடிக்கும். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும், அதற்கும் ஒரு மாற்று நாள் கையில் இருக்கட்டும். சைமன்ஸ் டவுன் அருகே போல்டர்ஸ் கடற்கரையில் பென்குயின்கள் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே நடமாடும். குழந்தைகளுக்குச் சிங்கத்தைவிட அது பிடித்துப்போகலாம். அந்த ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இருக்கும்போதே பார்த்துவிட வேண்டிய உயிர்.

அங்கிருந்து க்ரூகர் பக்கம் விமானத்தில் இரண்டரை மணி நேரம். இங்கேதான் பணத்தின் கணக்கு வருகிறது. க்ரூகர் தேசியப் பூங்கா ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர், தார்ச்சாலை உள்ள காடு, வாடகை காரை நாமே ஓட்டிப் போகலாம். அங்கும் நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அரசுத் தங்குமிடங்கள் சுத்தமானவை, செலவும் குறைவு. ஆனால் பாதையை விட்டு இறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் வேலிக்குள் வந்துவிட வேண்டும். அதை ஒட்டி, இடையில் வேலியே இல்லாமல் இருக்கிறது சாபி சாண்ட் என்ற தனியார் காப்பகம். விலங்குக்கு இரண்டும் ஒரே காடு. மனிதனுக்குத்தான் விதி வேறு. திறந்த வண்டி, முன்னால் தடம் பார்க்கும் ஆள் ஒருவர், கூடவே வழிகாட்டி. சிறுத்தையின் தடம் புதருக்குள் போனால் வண்டியும் போகும். இருட்டிய பிறகும் விளக்கோடு சுற்றலாம். ஒருவருக்கு ஓர் இரவுக்கு ஐம்பதாயிரம் ரூபாயிலிருந்து லட்சத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். சாப்பாடு, காலை மாலை இரண்டு சவாரி எல்லாம் அதில் அடக்கம். சிறுத்தை பார்க்க இதைவிட உறுதியான இடங்கள் உலகில் மிகக் குறைவு. மூன்று இரவு போதும், இரண்டு போதாது.

கேப் டவுனை விட்டுவிட்டு டர்பனை எடுக்கச் சொல்வேன், உங்களுக்கு வரலாற்றில் மனம் இருந்தால். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை அங்கே கொண்டுபோய் இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அவர்கள் வழிவந்தவர்களின் கோயில்களில் இன்றும் தைப்பூசக் காவடி எடுக்கிறார்கள். நகரை ஒட்டி, காந்தி 1904-இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு. காரில் ஒரு மணி நேரத்தில், 1893-இல் அவர் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம். காடு வடக்கே மூன்றரை மணி நேரச் சாலைப் பயணத்தில், ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி. 1895-இல் காப்பகமான இடம். உலகெங்கும் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் அருகிப்போனபோது மிஞ்சிய சிறு கூட்டம் பிழைத்தது இந்த மண்ணில். 1960-களில் இங்கிருந்துதான் மற்ற காடுகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சொகுசு வேண்டுமென்றால் அதற்கும் சற்று வடக்கே பிண்டா தனியார் காப்பகம். டர்பனுக்கும் இந்தக் காட்டுக்கும் மழைக்காலம் ஒன்றே, வறட்சியும் ஒன்றே. ஆகவே ஜூன், ஜூலையில்கூட இரண்டும் சேர்ந்து பொருந்தும். டர்பனின் ஓட்டல் ஆடம்பரமும் கடற்கரை அழகும் கேப் டவுனுக்கு ஈடில்லைதான். ஆனால் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு டர்பனில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. கேப் டவுன், டர்பன், ஜோகன்னஸ்பர்க் எதிலும் இருட்டிய பிறகு தெருவில் நடக்க வேண்டாம், ஓட்டல் ஏற்பாடு செய்யும் வண்டியிலேயே போங்கள்.

காலாண்டு விடுமுறையும் ஆயுத பூசையும் சேர்ந்து வரும் நாட்களில் விடுப்பு எடுக்க முடிந்தால் பதில் மாறும். அப்போது கென்யா. ஜூலை முதல் அக்டோபர் வரை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான் கூட்டம் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து மாரா ஆற்றைக் கடந்து மசாய் மாராவில் மேயும். நைரோபியில் இரண்டு இரவு போதும். நகரத்தின் விளிம்பிலேயே 117 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா, 1946 முதல். கட்டடங்கள் பின்னணியில் தெரிய ஒட்டகச்சிவிங்கி நிற்கும். தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் இல்லத்துக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சைவச் சாப்பாட்டுக்கு அங்கே பஞ்சமில்லை. தலைமுறைகளாகக் குஜராத்திகள் வாழும் ஊர். ஏற்காட்டைவிட உயரத்தில் இருக்கிறது, காலையில் ஸ்வெட்டர் வேண்டும்.

மாராவில் தங்கும் இடத்தைத் தேர்வதில் கவனமாக இருங்கள். அரசு காப்பகத்துக்குள் நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர், மற்ற ஆறு மாதம் 100 டாலர். சீசனில் ஒரு சிங்கத்தைச் சுற்றி வண்டிகள் மொய்க்கும். அதை ஒட்டி மசாய் குடும்பங்களின் சொந்த நிலங்களைச் சேர்த்து அமைத்த காப்பகங்கள் உள்ளன, மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி என்ற பெயர்களில். நம்மூரில் காட்டைக் குத்தகைக்கு விடுவது போல, முகாம்காரர்கள் மாதாமாதம் நில உரிமையாளர்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். தங்கும் ஆட்களுக்கு வரம்பு உண்டு, இரவு சவாரியும் நடைப்பயணமும் உண்டு. உங்கள் பணத்தில் ஒரு பங்கு அந்த மண்ணுக்குரியவர் கைக்குப் போகிறது. செலவு கூடினாலும் அங்கேயே தங்குங்கள். ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு ஒரு நாள் மட்டும் உள்ளே போய்வரலாம்.

தான்சானியாவில் சுற்றிப் பார்க்க நகரம் என்று சொல்லிக்கொள்ள ஜான்சிபாரின் ஸ்டோன் டவுன் மட்டுமே, அதுவும் சிறியது. ஆனால் காட்டுக்குக் குறைவில்லை. செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். பக்கத்திலேயே 600 மீட்டர் ஆழமுள்ள கொரொங்கோரோ எரிமலைக் கிண்ணம். தை முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்த ஜோடிக்கு இதைச் சொல்வேன்: பிப்ரவரியில் தெற்கே இண்டுடு சமவெளியில் வில்டபீஸ்ட்கள் ஆயிரக்கணக்கில் கன்று ஈனும், ஜான்சிபார் கடலும் வெயிலாக இருக்கும். வயதானவர்களுக்கு வேண்டாம், சாலைத் தூரமும் குலுக்கலும் அதிகம்.

எங்கே போனாலும் சொகுசுக்கான பணத்தைக் கட்டிலிலும் குளியல் தொட்டியிலும் போடாதீர்கள். குடும்பத்துக்கு மட்டுமான தனி வண்டியில் போடுங்கள். சாலைப் பயணத்தைச் சுருக்கும் சிறு விமானத்தில் போடுங்கள். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம், வில்சன் நிலையத்திலிருந்து பறந்தால் முக்கால் மணி. அதில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். கென்யாவிலும் தான்சானியாவிலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் பருப்புப் பொடி, முறுக்கு எதையும் பாலித்தீன் கவரில் கட்டாதீர்கள்.

கென்யா போய்த் திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அந்த மருந்து கோழி முட்டையில் வளர்த்து எடுக்கப்படுவது. கடுமையான முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது கடந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. தென்னாப்பிரிக்காவுக்கு இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. நைரோபி, அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் எடுத்தால் இந்தச் சான்று விதியை முன்கூட்டியே விசாரியுங்கள். துபாய், தோஹா வழி என்றால் அந்தக் கவலை இல்லை.

மலேரியா மாத்திரையைத் தவிர்க்க நினைக்கும் குடும்பங்களுக்குத் தென்னாப்பிரிக்காவிலேயே மலேரியா இல்லாத மாடிக்வே, பிலனஸ்பர்க், அட்டோ காடுகள் உண்டு. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் திறந்த வண்டியில் ஏற்றப் பல தனியார் காப்பகங்கள் சம்மதிக்காது என்பதால் வயதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் சேர்ந்து போவதானால் என் தேர்வு மே முதல் பாதி, கேப் டவுனும் சாபி சாண்டும். வளர்ந்த பிள்ளைகளோ கணவன் மனைவி மட்டுமோ என்றால் செப்டம்பர் கடைசி, நைரோபியும் மாராவும். இரண்டுக்கும் ஒன்பது மாதம் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் முகாமின் பெயர், அது காப்பகத்துக்கு உள்ளேயா வெளியேயா, வண்டி தனியா பொதுவா, இந்த மூன்றையும் டிராவல்ஸ்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.