கெளுத்தி மீன் பிடித்தல்: கொள்ளத்தக்கதும் விடத்தக்கதும்

நாமகிரிப்பேட்டைப் பகுதியில் மஞ்சளும் மரவள்ளியும் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு ஏரியானது பாசன நீரை மட்டுமன்றி உணவையும் அளிக்கிறது. ஏரி மீன்களுள் கெளுத்தி வகையைப் பிடிக்கும் முறையையும், பிடிக்கலாகாத காலத்தையும் இங்கே ஆராய்வோம்.

வகைகள்: செதிலின்மையும் மீசையும் இவ்வகைக்குப் பொது அடையாளங்கள். ஏரி குளங்களில் கெளுத்தியும் தேளியும், காவிரியிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் வாளையும் கிடைக்கும். தேளியின் பக்கத் துடுப்பு முள் நஞ்சுடையது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூடுள்ள நீரில் அவ்விடத்தை அமிழ்த்தி, பின் மருத்துவரிடம் செல்லுதல் நன்று.

பிடிக்கும் முறை: இவை இரவில் இரை தேடுவன, கலங்கிய நீரிலும் மீசையால் இரையை உணர்வன. ஆகவே, அந்தி சாய்ந்தபின் மண்புழுவையோ கோழிக்குடலையோ கோத்த தூண்டிலை அடிநீரில் இறக்க வேண்டும். நீர் வற்றுங்காலத்தில் வீச்சுவலையும் ஊத்தாவும் பயன்படும். ஏரியின் மீன்பாசி உரிமை பெற்றவரின் அனுமதியைப் பெற்ற பிறகே இறங்குக. வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிற்று.

விடத்தக்கவை: மழை பெய்து புதுநீர் வருங்கால், சினை மீன்கள் வாய்க்கால்களில் எதிரேறி வரும். அவ்வழியை வலையால் அடைத்தால் ஒரே இரவில் கூடை நிரம்பும். ஆனால் மறு ஆண்டின் விளைவு அன்றே அழியும். விதைமஞ்சளை வேகவைத்து விற்பவர் உண்டோ? சினை மீனையும் குஞ்சையும் நீரிலேயே விடுக.

விடத்தகாதது: ஆப்பிரிக்கக் கெளுத்தி விரைவில் வளர்வது கண்டு சிலர் அதனைப் பண்ணைக்குட்டையில் வளர்க்க விழைகின்றனர். இதன் வளர்ப்பை மத்திய அரசு 2000ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. காரணம் யாதெனில், இது பிற மீன்களையும் குஞ்சுகளையும் பேருண்டியாக உண்பது. காற்றைச் சுவாசிப்பதால் ஈரத்தரையிலும் ஊர்ந்து செல்ல வல்லது. குட்டை வழிந்தால் ஏரிக்கும், ஏரி நிரம்பி வழிந்தால் ஆற்றுக்கும் சென்றுவிடும். பின்னர் மீட்க இயலாது. நாட்டு இனமொன்றும் ஏறத்தாழ இதே தோற்றமுடையதாதலின், ஐயம் எழுந்தால் மீன்வளத்துறை அலுவலரிடம் காட்டித் தெளிக. ஆப்பிரிக்க இனமெனத் தெரிந்தால் அதனை மீண்டும் நீரில் விடலாகாது.

ஒருவர் குட்டையின் இலாபம் ஊர் ஏரியின் நட்டமாகாமல் காப்பதே கூட்டுறவு நெறி. மழை தொடங்குமுன் சங்கக் கூட்டத்தில் இதனை விவாதித்து, வாய்க்கால்களில் வலை அடைப்பதில்லை என அங்கத்தினர் அனைவரும் ஒருமனதாகத் தீர்மானிக்க வேண்டுகிறோம்.