நீதிமன்றத்தின் மேல் ஒரு விளக்கு

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

'ஐக்கோர்ட்டு' என்ற சொல் எங்கள் மண்ணரை வீட்டிற்குள் நுழைந்தது 2011 ஜனவரியில். கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கு அது. பட்டறையொன்றில் சாயம் முக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்கு வேலை போயிற்று. அப்பத்தாவோ, "இனியாச்சும் கெணத்துத் தண்ணி தெளியுமா கண்ணு?" என்று கேட்டார். ஒரே வீட்டில் வாதியும் பிரதிவாதியும்! அந்த நீதிமன்றத்தை ஒருமுறையேனும் பார்க்கவேண்டுமென்ற ஆவல், சட்டம் பயிலும் மாமன் மகன் தயவால் சென்ற விடுமுறையில் நிறைவேறியது.

நீதிமன்றம் 1862-இல் விக்டோரியா அரசியின் சாசனத்தால் தோன்றியது. இன்றுள்ள கட்டடம் அதற்குப் பின்னர் எழுந்தது. 1888-இல் தொடங்கி, 1892 ஜூலை 12-இல் திறக்கப்பட்டது. பிராசிங்டன் வரைந்த திட்டத்தைத் திருத்தி முடித்தவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனைக்கும் அவரே சிற்பி. கட்டியெழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார். முன்பு அவ்விடத்தில் சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்தது. பழைய கறுப்பர் நகரம் அகற்றப்பட்டபோது அக்கோயில் பூக்கடைப் பக்கம் இடம் மாறியது.

செங்கல்லின் சிவப்பே முதலில் கண்ணில் படுகிறது. கும்மட்டங்களும், கூர்வளைவுகளும், மினார் போன்ற சிறு கோபுரங்களும் இசுலாமியப் பாணியைச் சேர்ந்தவை. இந்தோ-சாரசெனிக் என்பர். ஆங்கிலேயரின் சட்டத்திற்கு ஏன் முகலாய உடுப்பு? ஆள்வது அயலார் என்பதை மறக்கச் செய்யும் உத்தியோ என்று எனக்கொரு ஐயம். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பார்த்தபோது அந்த ஐயமும் சற்று மறந்துவிட்டது.

இயற்பியல் மாணவனான என்னை நிறுத்திவைத்தது நடுக் கோபுரம். உயரம் சுமார் 175 அடி. 1894 முதல் 1977 வரை இதுவே சென்னைத் துறைமுகத்தின் கலங்கரை விளக்கம். பூமி உருண்டையாதலால், விளக்கு உயர உயர அது தெரியும் எல்லை விரியும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 175 அடி, அதாவது 53 மீட்டருக்கு ஏறத்தாழ 26 கிலோமீட்டர். அதே வளாகத்தில் நிற்கும் 1844-ஆம் ஆண்டுத் தூண்விளக்கின் 125 அடிக்கு 22 தான். ஐம்பது அடி ஏறியும் லாபம் நாலே கிலோமீட்டர்! வர்க்கமூலத்தின் கஞ்சத்தனம் அது. ஆனால் இருட்டில் வரும் மாலுமிக்கு அந்த நாலும் பெரிது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வீசிய குண்டுகளில் ஒன்று மதிற்சுவரில் விழுந்தது. அவ்விடத்தில் கல்வெட்டு உண்டு.

உள்ளே முத்துசாமி ஐயரின் சலவைக்கல் சிலை. இங்கு நிரந்தர நீதிபதியான முதல் இந்தியர், வறுமையில் படித்தவர். சிலையில் அவர் காலில் செருப்பில்லை. நெடுநேரம் பார்த்து நின்றேன்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். இப்போது பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவர் கேட்டது ஒன்றே: "நம்ம கேஸ் நடந்த ரூமு எதுன்னு காட்டுனாங்களா?" கேட்டறிந்துவரத் தோன்றவில்லை எனக்கு.