பழைய கூடைக்கு என்ன விலை? பார்த்து வாங்குவோம், பார்த்து விற்போம்



போன மாதம் வேப்பனப்பள்ளி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போனபோது பாய் மேல் இரண்டு மூங்கில் கூடைகள் இருந்தன. ஒன்று வெளியூர் வியாபாரி மாதிரிக்கு விட்டுப் போனது. "நூறு வருஷத்துக் கூடைம்மா. பெங்களூரில் வெளிநாட்டுக்காரங்க வாங்கி ஊருக்கு அனுப்பறாங்க. முப்பது கூடை தர்றேன், ஒண்ணு 400 ரூபாய்" என்றாராம். மொத்தம் 12,000 ரூபாய். உள்கடனுக்கு வைத்திருந்த பணத்தை எடுக்கலாமா என்பதுதான் அன்றைய பேச்சு. இன்னொரு கூடை ஒரு உறுப்பினர் வீட்டுப் பரணில் கிடந்தது. பிளாஸ்டிக் குடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருந்தார்.

இரண்டையும் வெயிலில் வைத்துப் பார்த்தோம். நீங்களும் இப்படிப் பார்க்கலாம்.

முதலில் வாய் விளிம்பு. வியாபாரி கூடையில் மேலே நார் சுற்றியிருந்தது. ஊசியால் நாரை லேசாக நெம்பினால் உள்ளே நைலான் கயிறு! நைலான் இருந்தாலே புதுசு என்று சொல்லிவிட முடியாது, பழைய கூடையைப் பின்னால் யாராவது ரிப்பேர் செய்திருக்கலாம். ஆனால் நாருக்கு அடியில் முதல் கட்டாகவே அது ஓடினால் பின்னும்போதே போட்டதுதான். நைலானைக் கண்டுபிடித்ததே 1935இல், அதுவும் அமெரிக்காவில். பிறகு எங்கே நூறு வருஷம்?

அடுத்தது நிறம். அடுப்புப் புகையில் கறுத்த கூடையில், பத்தை மேல் பத்தை ஏறி மறைந்திருக்கும் இடம் வெளுப்பாக இருக்கும். டீ டிகாஷனிலோ சாயத்திலோ முக்கி எடுத்தால் சந்து பொந்தெல்லாம் ஒரே நிறம். வியாபாரி கூடை அப்படித்தான் இருந்தது. தேய்மானத்தையும் பாருங்கள். தரையில் உட்காரும் அடி, கை பிடிக்கும் விளிம்பு, இந்த இடங்கள்தான் வழவழப்பாகும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலை என்று சந்தேகப்படுங்கள். வண்டு துளைத்த ஓட்டையை மட்டும் வைத்து வயது சொல்லாதீர்கள். மூங்கிலில் மாவுச்சத்து உண்டு, சரியாகப் பதம் செய்யாவிட்டால் ஒரே வருஷத்தில் வண்டு விழும்.

பரண் கூடைக்கு வயது கண்டுபிடித்தது அந்த உறுப்பினரே. அது அவர் மாமியார் கல்யாணத்துக்கு வந்த சீர்க்கூடை. மாமியாரின் மூத்த மகனுக்கு இப்போது 52 வயது. ஆக, கூடைக்கு ஐம்பதுக்கு மேல். வீட்டுக் கணக்கு எந்த நிபுணர் பேச்சுக்கும் குறைந்ததில்லை.

எந்த ஊர்க் கூடை என்று விற்கிறவர் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். நம்ம எல்லையில் தெலுங்கில் புட்ட, கன்னடத்தில் புட்டி, தமிழில் கூடை என்று பேர்தான் மாறும், கூடை எல்லை தாண்டிப் போய்வரும். செய்த பொருளையும் அடியையும் பாருங்கள். சாயம் போட்ட பனையோலை, சதுர அடி, வட்ட வாய் என்றால் அது செட்டிநாட்டுக் கொட்டானாக இருக்கலாம். அதற்குப் புவிசார் குறியீடே உண்டு. நம்ம பக்கத்து அடையாளம் பட்டுப்பூச்சி சந்திரிகை. மூங்கில் தட்டியில் சுருள் சுருளாகப் பத்தை நிற்கும். பிளாஸ்டிக் வந்த பிறகு பலர் வீட்டில் அது பரணுக்குப் போய்விட்டது. சுருள் இடுக்கில் பட்டுப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா, பஞ்சை எடுக்கத் தீயில் வாட்டிய கருக்கல் தெரிகிறதா என்று பாருங்கள். அவை இருந்தால் நிஜமாகவே புழு வளர்த்த வீட்டுச் சாமான்.

இன்னொன்று. நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருளை அரசோ அரசு அனுமதித்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம் சொல்கிறது. அப்படியானால் "நூறு வருஷம்" பொய்யாக இருக்க வேண்டும், அல்லது "வெளிநாட்டுக்குப் போகுது" என்பது சட்டத்துக்கு விரோதம். இதைச் சொன்னதும் குழுவில் ஒரே சிரிப்பு. 12,000 ரூபாய் எடுப்பதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சரி, பரண் கூடைக்கு என்ன விலை? பழசு என்பதற்காக மட்டும் யாரும் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்க மாட்டார்கள். அதே அளவில் புதுசு பின்ன என்ன ஆகும் என்று மூங்கில் வேலை செய்கிற பெரியவர் ஒருவரிடம் கேட்டோம். பத்தை சீவுவதோடு சேர்த்து இரண்டு நாள் வேலை, மூங்கில் விலை தனி என்றார். இரண்டு நாள் கூலியும் மூங்கிலும் சேர்ந்ததுதான் அடி விலை. அதற்குக் கீழே கேட்டால் கொடுக்காதீர்கள். அதற்கு மேல் கிடைப்பது கூடை உடையாமல் இருப்பதையும், யார் வீட்டுச் சீர், எந்த வருஷம் என்ற விவரத்தையும் பொறுத்தது. அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடையோடு வையுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், வார்னிஷ் அடிக்காதீர்கள், கிழிந்த இடத்தை ஒயரால் கட்டாதீர்கள். மூன்று பேரிடம் விலை கேட்காமல் கையை விட்டு விடாதீர்கள்.

அந்தச் சகோதரி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "குடம் வேண்டாம் மேடம். இதுல ராகி கொட்டி வைக்கலாமா, கெட்டுடுமா?" என்று கேட்டார். நன்றாக வெயிலில் காய வைத்துவிட்டுக் கொட்டச் சொன்னோம்.